மெட்ராஸிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்களாமே, உண்மையா? கண்டுபிடிப்பு, பெயர், சுற்றுப்பாதை எல்லாம் எப்படி முடிவானது?

உண்மைதான். ஒன்று இல்லை, ஐந்து. நீங்கள் கேட்பது அவற்றில் முதலாவதைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் ஆசியா, வரிசை எண் 67. 1861 ஏப்ரல் 17 அன்று நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் நார்மன் ராபர்ட் போக்சன் என்பவர் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள முதன்மைப் பட்டையில் சுற்றும் கல் அது. ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள்.

சுருக்கமான பதில் போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நல்ல சிக்கல் இருக்கிறது. 'கண்டுபிடிப்பு' என்றால் தொலைநோக்கி வழியாக முதலில் பார்த்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிறுகோள் விஷயத்தில் பார்ப்பது மிகச் சின்னப் பகுதி. பார்த்ததை மறுபடியும் பார்க்க முடிய வேண்டும், அடுத்த வருடமும் அது எங்கே இருக்கும் என்று சொல்ல முடிய வேண்டும். பாதை கையில் இல்லையென்றால் பார்த்ததற்குப் பெரிய மதிப்பு கிடையாது. போக்சனின் வாழ்க்கையிலேயே இதற்கு இரண்டு பக்கமும் உதாரணம் இருக்கிறது, அதனால் அவரை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலெர்மோவில் ஜுசெப்பே பியாட்சி முதல் சிறுகோளான சீரிஸைக் கண்டார். அடுத்த ஆறேழு வருடங்களில் பல்லஸ், ஜூனோ, வெஸ்டா வந்தன. அதோடு முடிந்தது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஏறக்குறைய நாற்பது வருடம் எதுவும் கிடைக்கவில்லை. 1845-ல் அஞ்சல் துறையில் வேலை பார்த்த கார்ல் ஹென்கே என்ற ஜெர்மானியர், பல வருடம் தனியாகத் தேடி அஸ்ட்ரீயாவைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு கதவு திறந்ததுபோல ஆகிவிட்டது. 1861-ல் மட்டும் பத்து சிறுகோள்கள், 63-லிருந்து 72 வரை. ஆசியா அந்தக் கூட்டத்தில் ஒன்று. அதற்கு எட்டு நாள் முன்னால்தான் அமெரிக்காவில் ஹொரேஸ் டட்டில் 66-ஆவதைப் பிடித்திருந்தார். பன்னிரண்டு நாள் கழித்து ஜெர்மனியில் ராபர்ட் லூதர் 68-ஆவதைப் பிடித்தார். அவ்வளவு நெருக்கமான போட்டி அது.

போக்சன் மெட்ராஸுக்கு வரும்போதே இந்த வேலையில் கைதேர்ந்தவர். 1829-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தபோதே ஐசிஸ், அரியாட்னி, ஹெஸ்டியா என்று மூன்று சிறுகோள்கள் அவர் கணக்கில் இருந்தன. 1860-ல் மெட்ராஸ் அரசின் வானியலாளராக நியமனம் ஆனார், 1861 தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். வந்த சில வாரங்களில் ஆசியா. அப்புறம் 1864-ல் சாஃபோ, 1866-ல் சில்வியா, 1868-ல் கமில்லா, நீண்ட இடைவெளிக்குப் பிறகு 1885-ல் வெரா. 1891-ல் மெட்ராஸிலேயே இறந்தார்.

அந்தக் காலத்தில் எப்படித் தேடினார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்போது இருப்பவர்களுக்கு அது நம்பவே கடினமாக இருக்கும். புகைப்படம் கிடையாது. வானத்தின் ஒரு சின்னப் பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் மங்கலான நட்சத்திரங்கள் உட்பட எல்லாவற்றையும் வரைபடத்தில் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும். பிறகு இன்னொரு இரவு தொலைநோக்கியில் அதே பகுதியைப் பார்த்து, வரைபடத்தோடு ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று தெரிந்தால் மூன்று வாய்ப்பு. வரைந்தபோது விட்டுப்போன நட்சத்திரமாக இருக்கலாம். பிரகாசம் மாறும் நட்சத்திரமாக இருக்கலாம். அல்லது நகரும் பொருளாக இருக்கலாம். மூன்றாவதுதானா என்று தெரிய, அங்கேயே உட்கார்ந்து பக்கத்து நட்சத்திரத்திலிருந்து அதன் தூரத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆசியா போன்ற ஒன்று, நம் வானில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கும்போது ஒரு நாளில் முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய பாதி நகரும். அதாவது ஒரு மணி நேரத்துக்கு சுமார் 37 விகலை (ஒரு பாகையில் 3,600 விகலை). பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணுக்கு அசைவு தெரியாது. ஆனால் அளவுகோல் பொருத்திய தொலைநோக்கி இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இந்த வேலைக்கு மெட்ராஸ் நல்ல இடம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிறுகோள்கள் பெரும்பாலும் சூரியன் போகும் வழியை ஒட்டியே தென்படும். அந்த வழியின் தெற்குக் கோடி லண்டனிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் 15 பாகைதான் ஏறும். காற்று மண்டலத்தின் கலங்கலுக்குள் மங்கலான புள்ளியைத் தேடுவது வீண். 13 பாகை வட அட்சரேகையில் இருக்கும் மெட்ராஸிலோ அதே இடம் 53 பாகைக்கு மேல் உயரும். வருடத்தின் எந்த மாதமாக இருந்தாலும் நள்ளிரவில் தேட வேண்டிய பகுதி வானில் வசதியான உயரத்தில் இருக்கும். மழைக்காலத்து மேகம்தான் எதிரி.

போக்சன் தனி ஆளாக எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. வானாய்வகத்தில் உள்ளூர் உதவியாளர்கள் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தவர், லண்டனின் ராயல் வானியல் சங்கத்தில் உறுப்பினராகத் தேர்வானவர். போக்சனின் மகள் எலிசபெத் ஐசிஸும் இங்கேயே கணக்கிடும் பணியில் இருந்தார். அந்தச் சங்கத்துக்கு அவர் பெயர் 1886-லேயே முன்மொழியப்பட்டது. பெண் என்பதால் அப்போது கைகூடவில்லை, 1920-ல்தான் உறுப்பினரானார்.

சரி, இப்போது பாதை. நீங்கள் கேட்டதில் மிகச் சுவையான பகுதி இதுதான்.

வானத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது திசை மட்டும். இரண்டு கோணங்கள், அவ்வளவுதான். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது தெரியாது. ஆனால் ஒரு சிறுகோளின் பாதையை முழுமையாகச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். பாதை எவ்வளவு பெரியது, எவ்வளவு நீள்வட்டமானது, பூமியின் பாதைத் தளத்துக்கு எவ்வளவு சாய்ந்தது, அந்தச் சாய்வு எந்தத் திசையில் தொடங்குகிறது, சூரியனுக்கு மிக அருகில் வரும் இடம் எந்தப் பக்கம், ஒரு குறிப்பிட்ட நாளில் பொருள் பாதையின் எந்த இடத்தில் இருக்கிறது. ஒரு பார்வைக்கு இரண்டு எண் என்றால், ஆறு எண்ணுக்கு மூன்று பார்வைகள் வேண்டும். மூன்று வெவ்வேறு இரவுகள், நடுவில் போதிய இடைவெளி. இது குறைந்தபட்சம்.

தூரமே தெரியாமல் வெறும் திசைகளிலிருந்து பாதை எப்படிக் கிடைக்கும் என்று தோன்றும். பூமியும் சும்மா நிற்பதில்லை என்பதில்தான் சூட்சுமம். ஒவ்வொரு இரவும் நாம் வேறொரு இடத்திலிருந்து பார்க்கிறோம். நம் இடம் எப்படி மாறியது என்பது நமக்குத் துல்லியமாகத் தெரியும். அந்தப் பொருள் சூரியனின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டுத்தான் நகர முடியும் என்பதும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்துச் சமன்பாடு போட்டால் தூரம் வெளியே வந்துவிடும். 1801-ல் சீரிஸை பியாட்சி 41 நாள் பின்தொடர்ந்த பிறகு அது சூரிய வெளிச்சத்தில் மறைந்து போனது. மறுபடி எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. 24 வயது ஜெர்மானியக் கணிதவியலாளர் கார்ல் காஸ் இந்தக் கணக்கைப் போட்டு இடத்தைச் சொன்னார். அந்த வருடத்தின் கடைசி நாளன்று ஃபிரான்ஸ் வான் ட்சாக் அதைத் திரும்பக் கண்டுபிடித்தார். அந்த முறையின் வாரிசுகளைத்தான் போக்சன் காலத்துக் கணக்கர்களும் பயன்படுத்தினார்கள், பக்கம் பக்கமாக மடக்கை வாய்ப்பாட்டோடு.

மெட்ராஸில் இருந்ததில் போக்சனுக்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. 1861-ல் இந்தியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் தந்தி இல்லை. பாரிஸில் ஒருவர் புதுப் புள்ளி ஒன்றைக் கண்டால் சீக்கிரமே பெர்லினிலும் வியன்னாவிலும் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மெட்ராஸிலிருந்து கடிதம் கப்பலில் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அந்தச் சிறுகோள் வேறெங்கோ போயிருக்கும். ஆகவே கண்டுபிடித்தவரே விடாமல் பின்தொடர்ந்து, இடங்களை அளந்து, பாதைக்குத் தேவையானதையும் சேர்த்து அனுப்பினால்தான் மற்றவர்களால் அதைப் பிடிக்க முடியும். ஆசியா தொலையாமல் நம் கையில் இருப்பதற்கு இந்தத் தொடர் உழைப்பு ஒரு காரணம்.

மறுபக்கத்து உதாரணம் 1872-ல் நடந்தது. அந்த நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிகல் மழை கொட்டியது. பீலா என்ற காணாமல்போன வால்நட்சத்திரத்தின் சிதறல்தான் அது என்று கருதிய ஜெர்மானிய வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸ், மெட்ராஸுக்குத் தந்தி அடித்தார். அதற்குள் தந்தி வந்துவிட்டது. பீலா பூமியை உரசிப் போயிருக்கிறது, தென்வானில் சென்டாரஸ் மண்டலத்தின் ஒரு நட்சத்திரத்துக்கு அருகே தேடுங்கள் என்பது செய்தி. போக்சன் தேடினார். டிசம்பர் தொடக்கத்தில், மேகத்தின் இடைவெளியில், அங்கே உண்மையிலேயே ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்தார்! இரண்டு விடியற்காலைகள் பார்த்தார். அப்புறம் மெட்ராஸின் வானம் மூடிக்கொண்டது. மூன்றாவது பார்வை கிடைக்கவேயில்லை.

இரண்டு இரவு என்றால் நான்கு எண், தேவை ஆறு. அது பீலாவாக இருக்க முடியாது என்பது பிறகு தெளிவானது. அப்படியென்றால் வேறு எது? அதற்குப் பாதை வேண்டும். நிச்சயமான பாதை இல்லாத வால்நட்சத்திரங்களின் பட்டியலில் அது இன்றைக்கும் போக்சனின் பெயரோடு கிடக்கிறது. ஆசியாவைக் கண்டுபிடித்த அதே கண், அதே ஊர். வித்தியாசம் ஒரே ஒரு இரவு.

இனி ஆசியாவின் பாதை. சூரியனிலிருந்து அதன் சராசரி தூரம் 2.42 வானியல் அலகு, அதாவது பூமி–சூரியன் தூரத்தைப் போல 2.42 மடங்கு, சுமார் 36 கோடி கிலோமீட்டர். பாதை நல்ல வட்டம் இல்லை, மையவிலகல் 0.185 (சரியான வட்டம் என்றால் 0). அதனால் அருகில் வரும்போது 1.97 அலகு, தள்ளிப் போகும்போது 2.87 அலகு. ஒரு சுற்றுக்கு 3.77 வருடம். சாய்வு 6 பாகை. சராசரி வேகம் வினாடிக்கு 19 கிலோமீட்டர் சொச்சம். எவ்வளவு உள்ளே வந்தாலும் செவ்வாயின் பாதையை அது தொடுவதில்லை. செவ்வாய் மிகத் தள்ளிப்போனாலும் 1.67 அலகுதான், நடுவில் நாலரைக் கோடி கிலோமீட்டருக்குக் குறையாத இடைவெளி. எனவே இது பூமியில் மோதுமா என்ற வழக்கமான கேள்விக்கு இங்கே வேலையில்லை.

இந்த எண்களில் எனக்குப் பிடித்தது 2.42தான். காரணம் சொல்கிறேன். முதன்மைப் பட்டையில் 2.5 அலகு தூரத்தில் ஒரு காலி இடம் இருக்கிறது. அங்கே ஒரு கல் இருந்தால் வியாழன் ஒரு முறை சுற்றுவதற்குள் அது சரியாக மூன்று முறை சுற்றும். அதனால் வியாழனின் இழுப்பு ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வந்து, மெல்ல மெல்லப் பாதையை நீட்டி, கடைசியில் அந்தக் கல்லைச் செவ்வாய், பூமி இருக்கும் பக்கமாகத் தள்ளிவிடும். பூமியில் விழும் விண்கற்களில் பல இந்த வாசல் வழியாக வந்தவை. இந்தக் காலி இடங்களை முதலில் எடுத்துச் சொன்னவர் அமெரிக்கர் டேனியல் கிர்க்வுட், 1866-ல். அதாவது போக்சன் ஆசியாவைக் கண்டுபிடித்தபோது அப்படி ஒரு இடைவெளி இருப்பதே யாருக்கும் தெரியாது. ஆசியா அந்த ஓரத்துக்கு 0.08 அலகு உள்ளே இருக்கிறது. காலி இடத்துக்குரிய சுற்றுக்காலம் 3.95 வருடம், ஆசியாவினுடையது அதைவிட இரண்டு மாதம் சொச்சம் குறைவு. அந்த இரண்டு மாதம்தான் அதைக் காப்பாற்றுகிறது. தாளம் ஒத்துப்போகாததால் வியாழனின் இழுப்பு ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னுமாகச் சமன்பட்டுவிடுகிறது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நான் மேலே கொடுத்த பாதை எண்கள் என்றென்றைக்கும் மாறாதவை இல்லை. வியாழனும் சனியும் இழுப்பதால் அவை மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பாதைப் பட்டியல்களில் 'இந்தத் தேதிக்கு உரியது' என்று ஒரு நாளைக் குறிப்பிடுவார்கள். ஆசியாவுக்கு 1861 முதல் தொடர்ச்சியாகப் பார்வைகள் இருக்கின்றன. போதாததற்கு ஐரோப்பாவின் கையா விண்கலம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுகோள்களின் இடங்களை மிகத் துல்லியமாக அளந்து, பாதைகளைக் கணக்கிட உதவியிருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பதிவு இருக்கும் சிறுகோளின் பாதையில் இன்று சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. வியன்னாவில் யோஹான் பலிசா 1911-ல் கண்டுபிடித்து எண்ணும் பெயரும் பெற்ற 719 ஆல்பர்ட், பாதை சரியாக அமையாமல் தொலைந்துபோய், 2000-ஆம் ஆண்டில்தான் திரும்பக் கிடைத்தது.

அடுத்து பெயர். அந்தக் காலத்தில் விதி என்று எழுதிவைத்தது கிடையாது, வழக்கம் இருந்தது. கிரேக்க, ரோமானியப் புராணங்களிலிருந்து பெண் பெயர்கள். வழக்கத்தை மீறினால் சண்டை. 1850-ல் ஜான் ஹிண்ட் ஒன்றுக்கு விக்டோரியா என்று வைத்தபோது, அது ரோமானிய வெற்றித் தெய்வம் என்று அவர் சொன்னாலும், உயிரோடு இருக்கும் அரசியின் பெயராயிற்றே என்று அமெரிக்காவில் சிலர் ஏற்க மறுத்தார்கள். ஆனால் ஊர்களின் பெயர்கள் மெல்ல நுழைந்தன. மார்சேயின் பழைய பெயரில் மசாலியா, பாரிஸின் பழைய பெயரில் லுட்டீஷியா.

போக்சன் வைத்த பெயர் இரண்டு பக்கமும் பொருந்தியது. ஆசியா என்பது கிரேக்கப் புராணத்தில் டைட்டன் வம்சத்துப் பெண். அதே சமயம் கண்டுபிடிப்பு நடந்த கண்டமும் அதுவே. யாரும் ஆட்சேபிக்க வழியில்லாத பெயர். எனக்குத் தெரிந்து இந்தக் காலத்துப் பெயர்களில் இவ்வளவு சாமர்த்தியமானவை குறைவு. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல் வானாய்வக வளாகத்தில் ஏற்கெனவே கல்லில் இருந்தது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தபோது, கருவி வைக்க ஒரு பெரிய கருங்கல் தூண் நிறுத்தினார்கள். கணித அறிவியல் ஆசியாவில் முதலில் ஊன்றப்பட்டதை ஆயிரம் வருடம் கழித்து வருபவர்களும் அறியட்டும் என்ற பொருளில் அதில் வாசகம் பொறித்தார்கள், தமிழிலும் தெலுங்கிலும்கூட. ஆரியபட்டரும் பாஸ்கரரும் இருந்த கண்டத்தில் 'முதலில்' என்பது எவ்வளவு பெரிய வாய்ச்சவடால் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

இன்றைக்கு நடைமுறை வேறு. புதிதாக ஒன்றைக் கண்டால் முதலில் தற்காலிகக் குறியீடு கிடைக்கும். வருடம், அப்புறம் மாதத்தின் எந்தப் பாதி என்பதற்கு ஓர் ஆங்கில எழுத்து, அந்தப் பாதியில் எத்தனையாவது என்பதற்கு இன்னொரு எழுத்தும் எண்ணும். பல வருடங்களில் பல முறை பார்த்து, பாதை உறுதியான பிறகுதான் நிரந்தர எண். எண் வந்த பிறகுதான் பெயர். பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்குப் பத்து வருடம் உண்டு. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு ஒன்று ஏற்க வேண்டும். 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் ஒரே சொல்லாக. யாரையும் புண்படுத்தக் கூடாது. அரசியல், ராணுவ ஆட்கள் என்றால் இறந்து நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும். விளம்பர நோக்கமுள்ள பெயர் கூடாது. காசு வாங்கிக்கொண்டு 'உங்கள் பெயரில் ஒரு சிறுகோள்' என்று சான்றிதழ் தருபவர்களுக்கும் இந்த நடைமுறைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வாங்கிவிடாதீர்கள்.

இந்தப் புது நடைமுறைக்கும் நம் ஊரில் நல்ல உதாரணம் உண்டு. 1885-ல் வெராவுக்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் இந்தியாவிலிருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. 1988 பிப்ரவரி 17 அன்று ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் ராஜமோகனும் குழுவினரும் 48 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு ஒன்றைப் பிடித்தார்கள். தற்காலிகக் குறியீடு 1988 டிக்யூ1. இதை இப்படிப் படிக்க வேண்டும்: 'டி' என்றால் பிப்ரவரியின் இரண்டாம் பாதி. 'க்யூ' என்பது, ஐ எழுத்தை விட்டுவிட்டு எண்ணினால், பதினாறாவது எழுத்து. பின்னால் உள்ள 1, இருபத்தைந்து எழுத்துகள் ஒரு சுற்று முடிந்துவிட்டன என்கிறது. ஆக, அந்த இரண்டு வாரத்தில் உலகம் முழுக்கப் பதிவானதில் 41-ஆவது. பாதை உறுதியானதும் எண் 4130, பெயர் ராமானுஜன், கணித மேதையின் நினைவாக. அதற்கு மூன்று வாரம் முன்பே, ஜனவரி 26 அன்று, அதே இடத்தில் பார்த்த இன்னொன்றுக்குப் பாதை உறுதியாக இன்னும் காலம் பிடித்தது. அதன் எண் 8348, பெயர் பட்டாச்சார்யா. முன்னால் பார்த்தது பின்னால் எண் வாங்கியது என்பதைக் கவனியுங்கள். வரிசை எண் பாதைக்குத்தான், பார்த்த தேதிக்கு இல்லை.

வானில் தமிழர் பெயர்கள் வேறு சிலவும் உண்டு. வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயரால் 1958 என்ற வரிசை எண் கொண்ட சந்திரா, சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் பெயரால் 4538 விஷிஆனந்த். இரண்டும் வெளிநாட்டில் கண்டுபிடித்தவை.

ஆசியா எப்படிப்பட்ட கல் என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குறுக்களவு சுமார் 58 கிலோமீட்டர். பாறை வகை, அதாவது சிலிகேட் கனிமங்கள் நிறைந்தது. விழும் ஒளியில் கால் பங்கைத் திருப்பி அனுப்புகிறது. தன்னைத்தானே ஒரு முறை சுற்ற ஏறக்குறைய 16 மணி நேரம். இதை எப்படி அறிந்தார்கள் என்றால், உருண்டையாக இல்லாத கல் சுழலும்போது அதன் ஒளி கூடிக் குறைவதை வைத்துத்தான். மெட்ராஸின் மற்ற இரண்டு பெரியவை, சில்வியாவும் கமில்லாவும், இதைவிடப் பல மடங்கு பருமனானவை. இரண்டுக்கும் தலா இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்று இப்போது தெரிந்திருக்கிறது. இரண்டு துணைக்கோள் உள்ள சிறுகோள் என்று உலகில் முதலில் அறியப்பட்டதே சில்வியாதான், 2005-ல்.

58 கிலோமீட்டர் என்ற அளவே ஒளியிலிருந்து கணக்கிடுவதுதான். இவ்வளவு பிரகாசம், இவ்வளவு ஒளி திருப்பும் திறன், ஆகவே இவ்வளவு பருமன். அந்தப் பிரகாசத்தை அளக்கும் அளவுகோலுக்கு இன்றைய கணித வடிவத்தைக் கொடுத்தவர் யார் தெரியுமா? அதே போக்சன்தான், 1856-ல். ஐந்து படி வித்தியாசம் என்றால் நூறு மடங்கு ஒளி வித்தியாசம், எனவே ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று அவர் முன்வைத்ததைத்தான் உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள். வானியல் படிப்பவர்கள் போக்சன் விகிதம் என்று முதல் பாடத்திலேயே படித்துவிடுவார்கள். அவர் முப்பது வருடம் மெட்ராஸில் இருந்தார் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

அங்கே ஈர்ப்பு எப்படியிருக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு. சாதாரணப் பாறையின் அடர்த்தி என்று வைத்துக்கொண்டால், தப்பிக்கும் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர் அளவில் வரும். நல்ல வேகப்பந்து வீச்சாளர் அங்கிருந்து பந்து போட்டால் அது திரும்பி வராது.

கடைசியாக, இதை நாமே பார்க்க முடியுமா? முடியும். ஆசியா சுமார் 497 நாளுக்கு ஒரு முறை, அதாவது பதினாறு மாதம் சொச்சத்துக்கு ஒரு முறை சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும். அப்போது பிரகாசம், மேலே சொன்ன அளவுகோலில், ஏறக்குறைய 10-க்கும் 12-க்கும் நடுவில் இருக்கும் (எண் கூடக் கூட மங்கல்). பாதையின் உட்பக்கத்தில் இருக்கும்போது எதிர்ப்பக்கம் வந்தால் நன்றாகத் தெரியும், வெளிப்பக்கம் என்றால் மங்கல். வெறுங்கண்ணுக்கோ சாதாரண இருகண்நோக்கிக்கோ எட்டாது. நல்ல இருட்டில் ஆறு அங்குலத் தொலைநோக்கி இருந்தால் போதும். எந்த நாளில் எங்கே இருக்கும் என்பதை ஸ்டெல்லேரியம் போன்ற மென்பொருளில் எண்ணைக் கொடுத்தே பார்த்துக்கொள்ளலாம். போக்சனுக்கு அந்த வசதி இல்லை. ஒரே ஒரு அறிவுரை: முதல் இரவு பார்த்ததும் 'இதுதான்' என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பகுதியை வரைந்துகொள்ளுங்கள், அல்லது படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கிறதோ அதுதான் ஆசியா.